எரிவாயுவுக்கு மாறினால் மிச்சமாம்!



பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கையில் என் தம்பி ஒரு திட்டத்துடன் வீட்டுக்கு வந்தான். ரவாங்கில் பதினான்கு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய அவனுடைய நிசான் வானெட் இப்போது ஓய்வில் இருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு பலரைப் பிடித்துக்கொண்ட ஆசை அவனையும் பிடித்துவிட்டது. இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் படுக்கையும் அடுப்பும் வைத்து, குடும்பத்தோடு கேமரன் மலை, குவாந்தான் கடற்கரை என்று போய் வண்டியிலேயே தங்கலாம் என்கிறான். நல்ல ஆசைதான். அதோடு நின்றிருந்தால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

“அண்ணே, நாலாயிரம் வெள்ளிதான். எல்பிஜி போட்டா ஒரே வருசத்துல காசு திரும்பிடும்னு பொமென் சொல்றாரு” என்றான்.

‘ஒரே வருசத்தில்’ என்னும் சொல் என்னைச் சுட்டது. ஏனெனில் 2008-ஆம் ஆண்டில் இதே வண்டிக்கு இதே சொல்லைச் சொன்னவன் நான். ஆசிரியன் என்ற மிடுக்கோடு, மாணவனின் பயிற்சி ஏட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தவனும் நானேதான்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2008 ஜூன் 5-ஆம் நாள் பெட்ரோல் விலை லிட்டருக்கு ரிம1.92-இலிருந்து ரிம2.70-ஆக ஒரே தாவாகத் தாவியது. இயற்கை எரிவாயுவோ எழுபது காசுக்கும் குறைவு. வாடகை வண்டிக்காரர்கள் பட்டறைகளை மொய்த்தனர். தம்பியின் வேன் மாதம் இருநூறு லிட்டர் குடித்தது. லிட்டருக்கு இரண்டு ரிங்கிட் மிச்சம் என்றால் மாதம் நானூறு; பொருத்துச் செலவு 3,500; ஒன்பதே மாதத்தில் முதல் மீண்டுவிடும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிழையெல்லாம் கணக்குக்கு வெளியே இருந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே உலகச் சந்தையில் எண்ணெய் சரிந்தது; இங்கும் பெட்ரோல் ரிம1.80-க்கு இறங்கியது. நானூறு இருநூற்று இருபதானது. அதோடு, இருநூறு மடங்கு காற்றழுத்தத்தில் எரிவாயுவை அடக்கும் தடித்த எஃகுக் கலன் வண்டியின் பின்பகுதியை அடைத்துக்கொண்டது. இரண்டு பிள்ளைகளுக்கான இடம் போயிற்று. மாதம் நூற்று இருபது ரிங்கிட் வருமானமும் போயிற்று. எஞ்சியது நூறு. கலன் ஒருமுறை நிறைந்தால் கிடைப்பதோ பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான வாயு. ஆகவே ஏறத்தாழ நாள்தோறும் நிரப்ப வேண்டும். நிரப்பு நிலையத்தின் வரிசையில் நிற்பதற்காக அவன் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தான். அந்தத் தூக்கத்துக்கு என் ஏட்டில் பத்தி இல்லை. ஒன்பது மாதம் என்று நான் சொன்னது மூன்று ஆண்டானது. அவன் ஒரு நாளும் என்னைக் குறை கூறியதில்லை.

பின்னாளில் எரிவாயு விலையும் லிட்டருக்கு ஒரு ரிங்கிட்டைக் கடந்தது. பிறகு 2024 நவம்பரில் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் இறுதி அறிவிப்பைச் செய்தார்: 2025 ஜூலை 1 முதல் இயற்கை எரிவாயு வாகனங்களுக்கு இந்நாட்டில் இடமில்லை. கலன்களின் பாதுகாப்பான ஆயுள் பதினைந்து ஆண்டு. பல வண்டிகளில் அக்காலம் கடந்துவிட்டது என்பதே காரணம். காரணம் நியாயமானது, மறுக்கமாட்டேன். நாடு முழுவதும் நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம் வண்டிகள், மொத்த வாகனங்களில் 0.2 விழுக்காடு, அந்த நாளுக்குள் கலனைக் கழற்றியாக வேண்டும் என்றாயிற்று. தம்பியும் கழற்றினான். அந்த வெற்றிடத்தில்தான் இப்போது எல்பிஜி கலன் வைக்கலாம் என்கிறார் பொமென்!

இனி எல்பிஜிக்கு வருவோம். இயற்கை எரிவாயுவும் எல்பிஜியும் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். முன்னது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட இலேசானது. பின்னது புரொப்பேனும் பியூட்டேனும். குறைந்த அழுத்தத்திலேயே நீர்மமாகிவிடும். கசிந்தால் காற்றைவிடக் கனமாகையால் தரையோடு தங்கும். தென்கொரியா, துருக்கி, போலந்து போன்ற நாடுகளில் பல இலட்சம் வண்டிகள் எல்பிஜியில் ஓடுகின்றன. எல்லைக்கு அப்பால் தாய்லாந்திலும் அதற்கென நிலையங்கள் உண்டு. ஐரோப்பியர் ஒருவர் தம் கூடார வண்டியைக் காட்டி, பாதிச் செலவில் ஊர் சுற்றுவதாகக் காணொளியில் பேசுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நாட்டில் பெட்ரோலுக்கு வரி மிகுதி, எல்பிஜிக்குக் குறைவு, வழி நெடுக நிரப்பு நிலையம். நம் நாட்டில் பெட்ரோலுக்கு உதவித்தொகை; வண்டிக்கு எல்பிஜி நிரப்பும் குழாயையோ நெடுஞ்சாலையில் காண முடியாது. அவருடைய விடையை நம்முடைய வினாவுக்கு எழுதினால் மதிப்பெண் எப்படிக் கிடைக்கும்?

“நிலையம் எதுக்குண்ணே? வீட்டு கேஸ் இருக்கே” என்றான் தம்பி. அங்கேதான் எனக்குச் சினம் வந்தது.

பதினான்கு கிலோ வீட்டுக் கலனின் விலை ரிம26.60. அதிலுள்ள ஆற்றல் ஏறத்தாழ இருபது லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தின் ரிம1.99 விலையில் இருபது லிட்டர் நாற்பது ரிங்கிட். ஆக, ஒரு கலனுக்கு மிச்சம் பதின்மூன்று ரிங்கிட். ஓய்வு நாள்களில் மட்டும் ஓடும் கூடார வண்டி ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் போனால் அதிகம். லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்றால் அறுநூறு லிட்டர், அதாவது முப்பது கலன். ஆண்டு மிச்சம் நானூறு ரிங்கிட். நாலாயிரம் திரும்பப் பத்தாண்டு! இருபது வயது வண்டிக்கு இன்னும் பத்தாண்டா?

இதுவும் திருட்டுக் கணக்கு. அந்த ரிம26.60 வீட்டு அடுப்புக்காக அரசு தாங்கும் விலை. அதை வண்டியில் எரிப்பது 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்க் குற்றம். தனியாளுக்குப் பத்து இலட்சம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2025 மே மாதம் முதல் உள்நாட்டு வாணிப அமைச்சு இதற்கெனத் தனிச் சோதனை இயக்கமே நடத்தியது. சட்டப்படி வாங்குவதாயின் உதவித்தொகையில்லாத வணிகக் கலன். 2025-இல் அது எழுபது ரிங்கிட்டை ஒட்டியிருந்தது. நாற்பது ரிங்கிட் பெட்ரோல் செய்யும் வேலைக்கு எழுபது ரிங்கிட் எரிவாயு! எட்டு வயது மாணவன்கூட இதில் மிச்சம் எங்கே என்று கேட்பான்.

பணத்தைவிடப் பெரியது ஒன்றுண்டு. வண்டிக்கென்று செய்யப்படும் எல்பிஜி கலன் எண்பது விழுக்காடு நிறைந்ததும் தானே அடைத்துக்கொள்ளும். குழாய் அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தும் அடைப்பானும் உண்டு. எஞ்சினுக்கு அது அனுப்புவது நீர்மம். அடுப்புக் கலனின் வால்வு மேலிருந்து ஆவியை விடுவதற்கு மட்டுமே அமைந்தது. அதைப் படுக்க வைத்து, குலுங்கும் வண்டியில் கட்டி, இரப்பர் குழாயால் இணைப்பதைப் பொருத்துவேலை என்பார் பொமென். கசிந்த வாயு தரையில் தேங்கும். கூடார வண்டியில் பிள்ளைகள் உறங்குவதும் தரையை ஒட்டித்தான். என் தம்பி பிள்ளைகளில் இளையவளுக்கு ஆறு வயது.

பெட்ரோலுக்கு உதவித்தொகையும் என்றும் நிலையாக இராதே என்று கேட்பீர்கள். உண்மை. 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் ரிம2.15-இலிருந்து ரிம3.35-க்கு ஒரே இரவில் ஏறியதைப் பார்த்தோமே. ஆயினும் விலை ஏறினால் அறுநூறு லிட்டர்க்காரன் பயணத்தைக் குறைத்துக்கொள்வான். நாலாயிரத்தை முன்பணமாகக் கொட்டியவன் எதைக் குறைப்பான்? நாள்தோறும் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடும் வாடகை வண்டிக்கு எரிவாயு ஒரு காலத்தில் சோறு போட்டது. அவர்களை நான் பழிக்கவில்லை. வாரக் கடைசியில் ஓடும் வண்டிக்கு அவர்கள் கணக்கைக் கடன் வாங்காதீர்கள் என்றுதான் மன்றாடுகிறேன்.

இம்முறையும் ஏடு எடுத்தேன். ஆனால் நான் எழுதவில்லை. தம்பியையே எழுதச் சொன்னேன். முப்பதால் பதின்மூன்றைப் பெருக்கிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு பொமெனை அழைத்து வரவில்லை என்றான். நாலாயிரத்தில் ஆயிரத்து இருநூறுக்கு நான்கு நல்ல டயர்கள் வாங்கலாம், தாப்பா வழி மலையேற அவைதான் முதலில் தேவை என்றேன். பிரேக்கையும் பார்க்க வேண்டுமாம், அவனே சொன்னான். கலன் இருந்த இடத்தை இருவரும் அளந்தோம். ஐந்தடி எட்டங்குலம். அவன் உயரம் ஐந்தடி ஒன்பது.