பிக்-அப்பின் தோற்றம் மாறும், சுமக்கும் அளவு மாறாது

கடந்த 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் நடந்த விபத்தை மலேசியத் தமிழர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். சித்ரா பௌர்ணமி ஊர்வலப் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், கற்கள் ஏற்றி வந்த லோரியுடன் மோதிய விபத்தில் உயிரிழந்தனர். அதன் பிறகு அதிகச் சுமை பற்றிய பேச்சு லோரிகளையே சுற்றி வருகிறது. தோட்டப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் செம்பனைக் குலை, உரம், பந்தல் சாமான் ஏற்றி ஓடும் பிக்-அப்களுக்கும் அதே கணக்கு பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எதுவானாலும் பலருக்கு அது வெறும் வாகனம் அல்ல. பகலில் பிழைப்புக்கு ஓடுகிறது, மாலையில் குடும்பத்தைக் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறது. அதை அழகுபடுத்திப் பார்க்க நினைப்பதில் தவறில்லை. லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டதும் வண்டி கூடுதல் எடை தாங்கும் என்று நம்புவதில்தான் சிக்கல்.

ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினால் பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். பிரேக், அச்சு, சட்டம், டயர் எல்லாம் தொழிற்சாலை கொடுத்தபடியே இருக்கின்றன. பதிவில் உள்ள மொத்த எடை வரம்பும் மாறாது. பாரம் ஏற்றியது கண்ணுக்குத் தெரியாமல் போவதால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

இன்னொன்று, பொருத்தும் ஒவ்வொரு பாகமும் சுமைதான். உதாரணத்துக்கு, ஒரு வண்டி 900 கிலோ சுமக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். கேனோப்பி, முன்பக்க இரும்புத் தடுப்பு, வின்ச், பெரிய சக்கரங்கள் சேர்ந்து 250 கிலோ. தலைக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ. சரக்குக்கு மிஞ்சுவது 300 கிலோ மட்டுமே.

பெரிய டயரிலும் ஒரு கணக்கு உண்டு. 265/65 ஆர்17 டயரைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 போட்டால் சக்கரத்தின் விட்டம் சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. மீட்டரைச் சரிசெய்யாவிட்டால் அது 110 காட்டும்போது வண்டி உண்மையில் ஏறக்குறைய 118 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வண்டியின் உயரம் கூடக் கூட, வளைவில் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது.

செலவையும் பார்க்க வேண்டும். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. அன்று 60 லிட்டர் நிரப்பியவர் 72 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்தார். அதன் பிறகு விலை வாரந்தோறும் அறிவிக்கப்படுகிறது. தகுதி பெற்றவர்களுக்கு புடி மடானி திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் தரப்பட்டது. கனமான பாகமும் அகலமான டயரும் எண்ணெயைக் கூடுதலாகக் குடித்தால், அந்த உதவித் தொகையில் ஒரு பகுதி அலங்காரத்துக்கே போய்விடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவு விவரங்களைப் பாதிக்கும் மாற்றங்களுக்கு ஜேபிஜேயின் அனுமதி தேவை. கறுப்புக் கண்ணாடிக்கும் வரம்பு உண்டு. 2019 மே முதல் நடப்பில் உள்ள விதிப்படி முன் கண்ணாடி 70 விழுக்காடு, முன் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். சாலையில் தப்பினாலும், வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான பரிசோதனையில் மாட்டிக்கொள்ளலாம். அப்போது பணம் கொடுத்து மாட்டியதைப் பணம் கொடுத்தே கழற்ற வேண்டும். மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது தகராறு வரலாம். தவணையில் இருக்கும் வண்டியை வங்கி இழுத்துச் சென்றால், அதில் பூட்டிய பாகங்களும் சேர்ந்தே போகும்.

ஆகவே ஆசையை விட வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். முதல் பணம் நல்ல பிரேக் பேடுக்கும் சுமைக்கு ஏற்ற டயருக்கும் போகட்டும். டயரின் பக்கவாட்டில் 112 என்ற சுமைக் குறியீடு இருந்தால் அந்த ஒரு டயர் தாங்குவது 1,120 கிலோ. புதிய டயரில் அந்த எண் பழையதைவிடக் குறைவாக இருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அடுத்து, சரக்கைக் கட்டும் கொக்கி, பட்டை, தளத்துக்கு உறை. விளக்கும் ஸ்போர்ட் ரிம்மும் அதற்குப் பிறகு வரட்டும்.

பட்டறைக்காரரிடம் விலை கேட்கும் முன் மூன்று கேள்விகள் கேட்கலாம். இந்தப் பாகத்தின் எடை என்ன? ஜேபிஜே அனுமதி வேண்டுமா? பரிசோதனைக்குப் போகும்போது கழற்ற வேண்டி வருமா? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லும் பட்டறையில் கொடுக்கும் பணம் வீணாகாது.