கணக்கை வாசலில் ஒட்டு!

ஜூஜுவாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் கர்நாடகம். இப்புறம் ஓசூர், அப்புறம் அத்திப்பள்ளி. இரண்டு ஊரிலும் முதுகில் பெட்டி கட்டிய வாலிபர்கள் மோட்டார் சைக்கிளில் சோறு சுமந்து பறக்கிறார்கள். கம்பெனி ஒன்று, வேலை ஒன்று, வெயிலும் மழையும் ஒன்று. உரிமை மட்டும் எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது. ஏன் இந்தப் பாரபட்சம்?

இவர்கள் யார்? தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் கேழ்வரகுக் கொல்லையில், தக்காளித் தோட்டத்தில் கூலிவேலை செய்தவர்களின் பிள்ளைகள். ஓசூர் ஆலைகளில் காண்டிராக்ட் முடிந்து வெளியே தள்ளப்பட்டவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள். கம்பெனியோ இவர்களைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை. "பார்ட்னர்", அதாவது கூட்டாளி என்கிறது! லாபத்தில் பங்கில்லாமல், பெட்ரோல் செலவை மட்டும் தன் தலையில் சுமக்கும் கூட்டாளியை உலகம் எங்கே கண்டது?

இந்தக் கூட்டாளிக்கு மேஸ்திரியும் உண்டு. அந்த மேஸ்திரி செல்போனுக்குள் இருக்கும் ஒரு கணக்கு. அல்காரிதம் என்று அதற்குப் பெயர். யாருக்கு எந்த ஆர்டர், எத்தனை தூரத்துக்கு எத்தனை ரூபாய், யாருக்கு இன்சென்டிவ் என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கிறது. வாடிக்கையாளர் போடும் நட்சத்திரங்களை எண்ணுகிறது. ஆர்டரை மறுத்தால் குறித்துக்கொள்கிறது. ஒருநாள் காலையில் "ஐ.டி. பிளாக்" ஆகிவிடுகிறது. வேலை போயிற்று! காரணம் கேட்க ஆபீஸ் இல்லை. முகம் பார்த்துப் பேச ஆள் இல்லை.

கள்ள மரக்கால் போட்ட மிராசுதாரை விவசாயத் தொழிலாளி அறிவான். அந்த மரக்காலையாவது நல்ல மரக்காலோடு வைத்து, ஊர் நடுவே அளந்து காட்டலாம். இந்த மரக்காலோ கம்பெனியின் பூட்டிய அறையில் இருக்கிறது. ராத்திரியில் அளவு மாறினால், மறுநாள் கூலி குறைந்த பிறகே தொழிலாளிக்குத் தெரியவரும்.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். 1946ம் வருஷத்து நிலையாணைச் சட்டம், நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலைகளில் ஷிப்டு, லீவு, தண்டனை, வேலைநீக்கம் பற்றிய விதிகளை எழுதிவைக்கச் சொன்னது. அதிகாரி அங்கீகரிக்கும் முன் சங்கத்தின் ஆட்சேபணையைக் கேட்கச் சொன்னது. தொழிலாளர் பாஷையில் வாசலருகே பலகையில் ஒட்டச் சொன்னது. மேஸ்திரியின் வாய்ச்சொல்லே சட்டம் என்றிருந்த நிலைக்கு அது ஒரு கடிவாளம். உணவு சுமக்கும் தொழிலில் அல்காரிதம்தான் நிலையாணை. வாசலில் ஒட்டாத நிலையாணை! சங்கத்தைக் கேட்காத நிலையாணை!

ஆலையின் பலகைக்கும் ஆபத்து வந்துவிட்டது. 2025 நவம்பர் 21ல் மத்திய சர்க்கார் அமலாக்கிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, நூறு பேர் என்றிருந்ததை முந்நூறு பேர் என்று ஆக்கிவிட்டது. எனவே இது ஆலைத் தொழிலாளியின் வழக்கும் ஆகும். அதே நாளில் அமலான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, இந்தக் கம்பெனிகள் வருஷ விற்றுமுதலில் 1 முதல் 2 சதவிகிதம் வரை நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் கூலி பேசும் உரிமையும் கணக்குக் கேட்கும் உரிமையும் அதில் இல்லை.

கர்நாடகத்தின் 2025ம் வருஷத்துச் சட்டம் ஓர் அடி முன்னே சென்றது. வேலைப் பங்கீட்டையும் ரேட்டிங்கையும் கணக்கு எப்படித் தீர்மானிக்கிறது என்பதைத் தொழிலாளிக்கு எளிய பாஷையில் சொல்ல வேண்டும். சாதாரணமாக, காரணத்தை எழுதிக் கொடுத்து 14 நாள் முன்னறிவிப்புத் தராமல் நீக்கக்கூடாது. அங்கும் குறை உண்டு. நல வாரியத்தில் உட்காரும் தொழிலாளர் பிரதிநிதியைச் சர்க்காரே நியமிக்கிறது; தொழிலாளி தேர்ந்தெடுப்பதில்லை.

இப்புறம் என்ன கிடைத்தது? 2023 டிசம்பரில் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது. 2025-26 பட்ஜெட்டில், 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. மானியம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்கூட்டரில் போகிறவனை நொடியில் வீட்டுக்கு அனுப்பும் கணக்கை யார் தட்டிக் கேட்பது?

சங்கம்தான் கேட்கவேண்டும். கேட்டால் நடக்கும். 2025 டிசம்பர் 25, 31 தேதிகளில் பல நகரங்களில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த மாதமே, மத்திய தொழிலாளர் மந்திரி தலையிட்டபின், "பத்து நிமிடத்தில் சப்ளை" என்ற விளம்பரத்தை பிளிங்கிட் கம்பெனி எடுத்துவிட்டது. ஸ்பெயின் தேசத்தில் 2021ல் வந்த சட்டமோ, அல்காரிதத்தின் விதிகளைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. தொழில் ரகசியம் என்ற சாக்கு அங்கே எடுபடவில்லை. இங்கே மட்டும் ஏன் எடுபட வேண்டும்?

எனவே கோருகிறோம்: தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டம் வேண்டும். கூலிக் கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும். சங்கத்தோடு பேசாமல் அதை மாற்றக்கூடாது. விசாரணையின்றி ஐ.டி.யை முடக்கக்கூடாது. வாரியத்தின் பிரதிநிதியைத் தொழிலாளரே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் ஊரிலிருந்து பெட்டி சுமக்கப் போகும் வாலிபனிடம் இன்றே பேசுங்கள். அவன் தனியாகத் திரையைப் பார்த்துக் காத்திருக்கிறான். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்!