செம்பட்டையா, செங்கூந்தலா?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது பழமொழி. இக்காலத்தில் அந்தப் பாதியில் ஒரு பங்கை முடியின் நிறம் கேட்டு வாங்கிக்கொண்டது. கைப்பேசியைத் திறந்தால் போதும். சென்ற மாதம் வெளிர் மஞ்சளாக இருந்த நடிகையின் கூந்தல் இந்த மாதம் மாதுளைச் சிவப்பாக மின்னுகிறது. "நமக்கும் இப்படி இருந்தால்?" என்று ஒரு முறையேனும் எண்ணாதவர் எங்கள் வகுப்பில் மிகச் சிலரே. "அதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஆகாது" என்கின்றனர் வீட்டுப் பெரியோர். "முடி எங்களுடையதுதானே!" என்கின்றோம் நாங்கள். எது சரி? தீர்ப்புச் சொல்லுமுன் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவதாக, வெளிர்முடியைச் சிவப்பாக்குவது மேலைநாட்டார் நமக்குக் கற்றுத் தந்த புதுமை அன்று. கடையநல்லூரிலும் புளியங்குடியிலும், வெண்தாடிக்கு மருதாணி இட்டுச் செந்தாடியுடன் தொழுகைக்குச் செல்லும் பெரியவர்களை நாம் கண்டதில்லையா? மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் நிறப்பொருள், முடியிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நரைத்த முடி வெள்ளைத் தாளைப் போன்றது. அதில் செம்மை பளிச்செனத் தெரியும். அதே மருதாணியைக் கருங்கூந்தலில் பூசினால், வெயிலில் நிற்கும்போது மட்டும் இலேசான செம்மினுக்கம் தோன்றும், அவ்வளவே.

விசைத்தறி ஓசையில் வளர்ந்த சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெளுத்த நூலில் எந்தச் சாயமும் ஏறும். கறுப்பு நூலைச் சிவப்பாக்க வேண்டுமானால் முதலில் கறுப்பை எடுத்தாக வேண்டும். முடியும் அப்படியே. முடிக்குக் கருமை தருவது யூமெலனின். செம்மை தருவது ஃபியோமெலனின். பொன்னிற முடியில் கருமை தரும் பொருள் மிகக் குறைவு. ஆகவே அது அடர்சிவப்புக்கு மாறுவது எளிது. நம் முடி அந்நிறம் பெற வேண்டுமானால், அம்மோனியா முடியின் மேல்செதிலைத் திறக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே சென்று கருமையைச் சிதைக்க வேண்டும். கருமை போகப் போக முடி செம்பழுப்பாகி, ஆரஞ்சாகி, மஞ்சளாகும். நிறத்தோடு முடியின் வலிவும் குன்றும். இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய சிவப்போ சில வாரத் தலைக்குளியலில் வெளிறத் தொடங்கிவிடும். வேரிலிருந்து மாதம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கறுப்பு மீண்டும் தலைகாட்டும்.

இனி எங்கள் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். நம் ஊர்ப் பேச்சில் 'செம்பட்டை' என்று ஒரு சொல் உண்டு. எண்ணெய் காணாத முடிக்கும், வெயிலில் காய்ந்த முடிக்கும், பிறவியிலேயே செம்பழுப்பான முடிக்கும் அதுவே பெயர். தெருவிலும் வகுப்பிலும் அது ஏசும் சொல்லாகவே வழங்குகிறது. அந்தச் சொல்லுக்கு அஞ்சித் தலை வழிய எண்ணெய் தேய்த்துவரும் சிறுமியர் பலர். ஆனால் அதே நிறத்தை அழகு நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி ஓர் அக்கா விடுமுறைக்கு வந்தால், சுற்றி நின்று தொட்டுப் பார்த்து வியக்கிறோம். நிறம் ஒன்றுதான், ஏழைத் தலையில் இருந்தால் இழிவு, காசு கொடுத்த தலையில் இருந்தால் எழில்! இது நியாயமா?

அந்தச் செம்பட்டைக்குப் பின்னால் பசி நின்ற காலமும் உண்டு. 1930களில், இன்று கானா எனப்படும் கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், குவாஷியோர்கர் என்னும் நோயை உலகுக்கு எடுத்துக் காட்டினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழக்கும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அம்மக்கள் மொழியில் அப்பெயரின் கருத்து. புரதம் போதாத அக்குழந்தைகளின் கரிய முடி வெளிறிச் செம்மையாகும். இலேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். நம் மாநிலம் இத்தகைய பசிக்குச் சோற்றால் மறுமொழி சொன்னது. கோவில்பட்டிக்கு அப்பால் உள்ள எட்டயபுரத்தில் 1956இல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் பள்ளிக்கு வந்தது. செம்மை நிற முடியெல்லாம் பசியின் அடையாளம் என்று நாங்கள் கூறவில்லை. பிறவி நிறமும் உண்டு. வெயிலின் வேலையும் உண்டு. எக்காரணமாயினும் அது அந்தப் பிள்ளையின் குற்றம் அன்று.

நிறத்தை வைத்து ஏளனம் செய்வது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கமும் அன்று. கனடா நாட்டு எழுத்தாளர் எல்.எம். மாண்ட்கோமெரி 1908இல் வெளியிட்ட 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' கதையின் நாயகி, செம்முடி கொண்ட அநாதைச் சிறுமி. ஊராரின் கேலி தாளாமல், கூந்தலைக் கறுப்பாக்க எண்ணித் தெருவில் வந்த வியாபாரியிடம் சாயம் வாங்கிப் பூசினாள். முடி பச்சையாகிவிட்டது, கடைசியில் கத்தரிக்க நேர்ந்தது. அங்கே செம்முடிக்காரி கறுப்புக்கு ஏங்கினாள். இங்கே கருங்கூந்தலார் சிவப்புக்கு ஏங்குகிறோம். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது இதுதான் போலும்!

சாயத்தின் தன்மையையும் அறிந்துகொள்வது நன்று. 1863இல் ஹோஃப்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்த பாராஃபீனைலீன்டையமீன் என்னும் பொருள், இன்றும் கறுப்புச் சாயங்களிலும் அடர்நிறச் சாயங்கள் பலவற்றிலும் இருக்கிறது. சிலருக்கு இது ஒவ்வாது. தலை அரிக்கும், முகமும் கண்ணிமையும் வீங்கும். முதல் முறை ஒன்றும் செய்யாமல் இருந்து, பின்னொரு முறை சீறுவதும் உண்டு. ஆகவேதான் முன்னதாகத் தோலில் சிறிது தடவிச் சோதிக்க வேண்டும் என்றும், புருவத்திலும் இமையிலும் பூசக் கூடாது என்றும் பெட்டியின்மேல் எச்சரிக்கை அச்சிடுகிறார்கள். பொடியெழுத்தில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை! சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் 'கறுப்பு மருதாணி'யிலும் இப்பொருள் கலந்திருக்கக்கூடும். உண்மையான மருதாணி செம்மையன்றிக் கறுப்புத் தராது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இத்தகைய சாயப் பெட்டிகளில், '16 வயதுக்கு உட்பட்டோர்க்கு உரியதன்று' என்னும் கருத்தை அச்சிட்டாக வேண்டும். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர்க்கு வயது 15. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ?

பெற்றோர்க்கும் பணிவுடன் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டுக்குப் புறப்படுமுன் நரையைக் கறுப்பாக்கிக்கொள்ளும் சித்தப்பாவை யாரும் கெட்ட வழியில் போகிறார் என்று சொல்வதில்லை. அப்படியிருக்க, ஒரு பெண் சிவப்புக்கு ஆசைப்பட்டால் மட்டும் அவளுடைய ஒழுக்கத்தையே ஏன் ஐயுற வேண்டும்? "வேண்டாம்" என்று சொல்லுங்கள்; ஏன் என்றும் சொல்லுங்கள். காரணம் கூறினால் கேட்டுக்கொள்வோம். ஏச்சு மட்டும் கேட்டால் ஆசைதான் வளரும்.

இரட்டைச் சடையும் ரிப்பனும் போட்டு வர வேண்டும் என்னும் பள்ளி விதியை நாங்கள் ஏற்கின்றோம். காலை வழிபாட்டு வரிசையில் யார் வீட்டில் பணம் உண்டு, யார் வீட்டில் இல்லை என்று தலையைப் பார்த்துத் தெரியாமல் இருப்பது பெரிய நன்மை. ஆயினும் விதி எதற்காக என்பதை மறந்தால் அதுவே கொடுமையாகிவிடும். 2017இல் ஜப்பான் நாட்டின் ஒசாகாவில் ஒரு மாணவி, இயல்பாகவே பழுப்பான தன் முடிக்குக் கறுப்புச் சாயம் பூசும்படி பள்ளி வற்புறுத்தியதாக வழக்குத் தொடர்ந்தார். நாடெங்கும் அதுபற்றிப் பேச்சு எழுந்தது. பின்னர் 2022இல், முடி கறுப்பாகவே இருக்க வேண்டும் என்னும் விதியை டோக்கியோ நகர அரசு உயர்நிலைப் பள்ளிகள் கைவிட்டன. பிறவி நிறத்தை மாற்றச் சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதே எங்கள் எண்ணமும்.

செஞ்சடையோன் என்று சங்கரனையும், கார்முகில் வண்ணன் என்று நாராயணனையும் போற்றுவது தமிழ் மரபு. அவ்விருவரும் ஒரே திருவுருவில் நிற்பதால் புகழ்பெற்றது நம் ஊர். ஆடித்தபசுக்குத் திரளும் கூட்டம் இந்த நிறம் உயர்வு, அந்த நிறம் தாழ்வு என்றா வணங்குகிறது? கோவிலில் செம்மையைப் போற்றிவிட்டு, வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுக்காரியைச் 'செம்பட்டை' என்று அழைப்பது எவ்வகைப் பண்பாடு?

ஆகவே தோழியரே, சாயம் பூசுவதைப் பாவம் என்று நாங்கள் சொல்லவில்லை. பூசினால்தான் அழகு என்பதையும் ஏற்கவில்லை. வயது வந்து, சொந்தமாய்ச் சம்பாதித்து, பொடியெழுத்தையும் படித்து, அப்போதும் விருப்பம் இருந்தால் செய்துகொள்ளலாம். ஆனால் அதுவரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காசு செலவில்லை, ஒவ்வாமையும் வராது. 'செம்பட்டை' என்னும் ஏச்சை இந்த ஆண்டோடு நம் வகுப்பறைகளிலிருந்து விலக்கிவிடுவோம். இதற்கு எட்டாம் வகுப்புத் தங்கையரும் கைகொடுப்பார்கள் என நம்புகின்றோம்.