சிஸ்டத்தின் பைத்தானில் கை வைக்காதீர்கள்!

பொள்ளாச்சியில் பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகன் ஒரு மாலை போன் செய்தான். "மாமா, உபுண்டு ஆன் பண்ணுனா வெறும் கருப்பு ஸ்கிரீன்தானுங்க வருது. நாளான்னைக்கு பிராக்டிகல்!"

"என்ன கண்ணு பண்ணுன?"

"பழைய பைத்தான் இருந்துச்சுங்க. புதுசு போடலாம்னு அதை ரிமூவ் பண்ணிட்டேனுங்க."

2019-ல் வந்த பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இடம்பெற்றது. அதன்பின் வீட்டுக் கம்ப்யூட்டரில் பைத்தான் பழகும் மாணவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை.

விண்டோஸில் பைத்தான் என்பது நாமாகப் போடும் சாஃப்ட்வேர், வேண்டாமென்றால் நீக்கலாம். உபுண்டுவில் அப்படியல்ல. சிஸ்டத்தின் பல டூல்களே பைத்தானில் எழுதப்பட்டவை. அதை நீக்கச் சொன்னால், அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்களையும் ஆப்ட் சேர்த்தே நீக்கும், டெஸ்க்டாப்பும் போய்விடும். நீக்கும் முன் நீண்ட பட்டியலைக் காட்டி 'ஒய்' அல்லது 'என்' கேட்கும். இவன் படிக்காமலே 'ஒய்' தட்டியிருக்கிறான்.

எங்கள் பக்கம் பங்காளிகளுக்குப் பொதுக் கிணறு உண்டு. என் காட்டுக்குத் தண்ணீர் பத்தவில்லை என்று மோட்டாரைக் கழற்றினால், எல்லோர் வயலும் காயும். சிஸ்டத்தின் பைத்தானும் அப்படித்தான்.

முதலில் வெர்ஷனைப் பாருங்கள். 3-ல் தொடங்கினால் பள்ளிப் பாடத்துக்கு அதுவே தாராளம். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்துவிட்டது.

கூடுதல் பேக்கேஜ்கள் வேண்டுமா? 'வென்வ்' மூலம் ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி போல்டர் உருவாக்குங்கள். போடுவதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கெட்டுப்போனால் அந்த போல்டரை மட்டும் அழித்தால் போதும். வேறு வெர்ஷனே வேண்டுமென்றால் 'பைஎன்வ்' இருக்கிறது. சிஸ்டத்தைத் தொடாமல் உங்கள் ஹோம் போல்டரில் அதைப் போட்டுத் தரும். இதற்குக் கொஞ்சம் டிஸ்க் இடம் செலவாகும்தான். ஆனால் அது மலிவான காப்பீடு.

2023-ல் வந்த டெபியன் 12-இலும் அதற்குப் பிந்தைய உபுண்டுகளிலும், சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பேக்கேஜ் போட முயன்றால் 'பிப்' மறுத்துவிடும். அதை மீற ஓர் ஆப்ஷன் உண்டு. 'சிஸ்டம் பேக்கேஜ்களை உடை' என்பதுதான் அதன் பெயருக்கே அர்த்தம்! யார் சொன்னாலும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

அன்றிரவே உக்கடத்தில் பஸ் ஏறிப் போனேன். உபுண்டு பென்டிரைவிலிருந்து பூட் செய்து, ஹோம் போல்டரில் இருந்த அவனுடைய ப்ரோகிராம்களை முதலில் காப்பி எடுத்தேன். நல்லவேளை, அத்தனையும் பத்திரமாக இருந்தன. பிறகு உபுண்டுவைப் புதிதாக இன்ஸ்டால் செய்தேன்.

இப்போது எதற்கும் 'ஒய்' தட்டும் முன் பட்டியலை முழுக்கப் படிக்கிறான். நீங்களும் படியுங்கள்.