'வாங்க' என்பது யாருக்கு?

நீதிபோதனை, நன்னெறிக் கல்வி, ஒழுக்கக் கல்வி, அறநெறி. காலத்துக்குக் காலம் பேர் மாறுகிறது, சரக்கு மாறுவதில்லை. பெரியோரை மதி, பொய் சொல்லாதே, இனிமையாகப் பேசு. குறளில் 'இனியவை கூறல்' பத்தாவது அதிகாரம், 'ஒழுக்கமுடைமை' பதினாலாவது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்று 2016இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. படிக்கட்டும். நமக்கு அதில் சண்டை இல்லை. நம்ம கேள்வி வேறு. 'இனியவை கூறல்' நடத்தி முடித்த வாத்தியார், மணி அடித்ததும் கழிவறை கழுவ வந்த அம்மாவை எப்படிக் கூப்பிடுகிறார்? 'வாங்க'ன்னா, 'ஏ, இங்க வா'ன்னா? பிள்ளைகள் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்வது பாடத்திலிருந்து அல்ல, இந்த ஒரு சொல்லிலிருந்துதான்.

தமிழில் ஒரு தொல்லை இருக்கிறது. வாயைத் திறந்தாலே எதிரில் நிற்பவரின் உயரத்தை அளந்தாக வேண்டும். வந்தான், வந்தார், வந்துச்சு, வா, வாங்க. நடுவில் ஒதுங்க இடம் கிடையாது. இங்கிலீஷ்காரனுக்கு முன்னிலையில் ஒரே சொல்தான். நமக்கோ வினைமுற்றின் வாலில் சாதி தொங்குகிறது. இது தமிழின் குற்றம் அல்ல. ஒருவரைப் பன்மையால் சொல்லும் உயர்சொல் வழக்கில் வந்தது, இலக்கண நெறியில் வந்ததல்ல என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்திலேயே சொல்லிவிட்டது. அப்படியானால் மரியாதை இலக்கணத்தில் பிறக்கவில்லை, வழக்கில் பிறந்தது. வழக்கு யார் கையில் இருந்தது? காவிரித் தண்ணீரும் நன்செய் நிலமும் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்.

கீழத்தஞ்சையில் பண்ணையாள் தன் வயசில் பாதிகூட இல்லாத மிராசுதார் மகனை 'சின்னாண்டே' என்று கூப்பிட்டான். அந்தப் பொடியன் அவனைப் பேர் சொல்லி 'வாடா' என்றான். சவுக்கடி, சாணிப்பால் என்பதெல்லாம் இந்தப் பேச்சின் தொடர்ச்சி. பேச்சில் ஒருவனை மனுசனாகக் கருதாதவன் அவன் வாயில் சாணிப்பாலை ஊற்றக் கூசமாட்டான். பி. சீனிவாசராவ் சேரிக்குள் வந்து, அடித்தால் திருப்பி அடி என்று சொன்னபோது அது கூலிக் கோரிக்கை மட்டுமா? முதுகு நிமிர்த்துகிற கோரிக்கையும்தான். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட்டன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சவுக்கு போயிற்று. விகுதி போகவில்லை.

விகுதி சின்ன விசயம்தானே என்று நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள். நிலம் இல்லை, கூலி இல்லை, இதில் 'வாங்க'வுக்கு என்ன அவசரம் என்கிறார்கள். அவர்களுக்கு வெண்மணியைத்தான் காட்ட வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு, அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிக்கப்பட்டன. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. பெரும் நிலபுலன் உள்ளவர்கள், கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் காரணம் சொன்னது. 'அவர்' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு, 'அவர்' கொளுத்தினார் என்று வாக்கியத்தை முடிக்க வரவில்லை. மரியாதை விகுதி சாட்சிக் கூண்டு வரைக்கும் போய் வேலை செய்யும், தோழர்களே. இது சின்ன விசயம் இல்லை.

இன்றைக்கு நிலைமை எப்படி? நான் டெல்டாவில் ஒரு வங்கியில் எழுத்தராக இருக்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். முதியோர் உதவித்தொகை வாங்க வருகிற நம் தெருக் கிழவிக்கு 'ஏம்மா, தள்ளி நில்லு' கிடைக்கிறது. நகையடகு வைக்க வந்த பெரிய தெருக்காரருக்கு 'வாங்க, உக்காருங்க' கிடைக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே வயசு, ஒரே படிவம், ஒரே வரிசை. இதைவிட ரசமானது ஒன்று உண்டு. என் சாதி தெரிந்த சில பெரியவர்களுக்கு என்னிடம் பேசுவதே பெரும்பாடு. 'வா, போ' என்று சொல்ல முடியாது, நாற்காலி தடுக்கிறது. 'வாங்க, போங்க' என்று சொல்ல நாக்கு வளையாது, சாதி தடுக்கிறது. ஆகவே மொட்டையாகப் பேசுகிறார்கள். 'பாஸ்புக் பதிஞ்சாச்சா?', 'பணம் எப்பக் கெடைக்கும்?', 'சாப்பாடெல்லாம் ஆச்சா?' முன்னிலையே இல்லாத தமிழ்! இலக்கண ஆசிரியர்கள் வந்து ஆராயலாம். படித்து வேலைக்குப் போன ஒவ்வொரு தலித்தும் இந்த மொட்டைத் தமிழைக் கேட்டிருப்பார்.

சாதிப் பேரைச் சொல்லிப் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, வழக்குப் போடலாம். ஆனால் விகுதிக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது. 'சார், என்னை வான்னு கூப்பிட்டார்' என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் ஏட்டய்யா சிரிப்பார். சட்டம் எட்டாத இந்த இடத்துக்குத்தான் கல்வி வர வேண்டும். ஒழுக்கக் கல்வி என்று ஒன்று உண்மையிலேயே தேவைப்படுகிறது என்றால் அது இங்கேதான் தேவைப்படுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வகுப்பு வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, ஆசிரியர் எவரும் மாணவரைச் சாதியைச் சுட்டி அழைக்கக் கூடாது, பள்ளிகளின் பேரில் இருக்கும் சாதி அடையாளம் போக வேண்டும், வாரம் ஒரு பாடவேளை அறநெறி வகுப்பு வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான், வரவேற்போம். ஆனால் பலகையில் பேரை அழிப்பது ஒரு நாள் வேலை. 'காலனிப் பசங்க'ன்னு சொன்ன வாய் நாளைக்கு 'அந்தத் தெருப் பசங்க'ன்னு சொல்லும், அதே இளக்காரத்தோடு சொல்லும். 1922இல் 'பறையர், பஞ்சமர்' போய் 'ஆதிதிராவிடர்' அரசாணையில் ஏறியது. நூறு வருசம் ஆகிவிட்டது. இரட்டைமலை சீனிவாசனோ 1893இலேயே 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பேர் வைத்து, இழிவு சொல்லில் இல்லை, சொல்கிறவன் மண்டையில் இருக்கிறது என்று காட்டினார்.

இன்னொன்றும் பேச வேண்டும். 'நல்ல தமிழ்' என்ற பேரில் பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளின் நாக்கைத் திருத்துகிறது. வீட்டுப் பேச்சில் பதில் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. கெட்ட வார்த்தை பேசினால் 'சேரிப் பேச்சு பேசாதே' என்கிறார்கள். ஆபாசம் எல்லாத் தெருவிலும் இருக்கிறது, பட்டம் மட்டும் நமக்கு. பள்ளிக்காலம் முழுக்க இப்படிக் கேட்ட பிள்ளை கல்லூரியில் வாய் திறக்குமா? 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அந்த மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அது பாடமாகப் படிக்கப்படுகிறது. எழுத்துத் தமிழை நம் பிள்ளைகள் கட்டாயம் கற்க வேண்டும், அது ஆயுதம். அதற்காக அம்மாவின் பேச்சைக் கேவலம் என்று நினைக்க வேண்டியதில்லை.

'நீ' என்பதே பாவமா என்றால், இல்லை. அம்மா 'நீ' என்கிறாள், கூட்டாளி 'டா' போடுகிறான். அதில் பாசம் இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல முடியுமா? திருப்பிச் சொல்ல முடிகிற 'டா' நட்பு. திருப்பிச் சொன்னால் அடி விழும் என்றால் அது சாதி.

இதே சோதனையை நம் பக்கமும் வைக்க வேண்டும். கூட்டத்தில் 'தோழர்' என்று பேசிவிட்டு வீட்டில் மனைவியை 'ஏண்டி' என்கிறவர்கள் நம்மிடையே இல்லையா? அவர் திருப்பி 'ஏண்டா' என்றால் சும்மா இருப்பார்களா? துப்புரவுக்கு வரும் அருந்ததியத் தோழருக்கு நம் தெருவில் என்ன விகுதி கிடைக்கிறது? மேலே பார்த்து மரியாதை கேட்டுவிட்டுக் கீழே பார்த்து மறுத்தால் அதற்கு விடுதலை என்று பேர் இல்லை, இடமாற்றம் என்று பேர்.

பள்ளிகளிடம் நாம் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிக்கிறவை அல்ல. எல்லாப் பிள்ளைகளையும் 'வாங்க' என்று கூப்பிடுங்கள், முடியாவிட்டால் எல்லாரையும் 'வா' என்று கூப்பிடுங்கள். பிரித்துக் கூப்பிடாதீர்கள். சத்துணவு சமைக்கிறவரும் தூய்மைப் பணியாளரும் பிள்ளைகளுக்கு அக்கா, அண்ணன், அம்மா, ஐயா ஆகட்டும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் பள்ளிக்கே வந்து மறித்தார்கள். சமைக்கிறவரை 'அக்கா' என்று கூப்பிட்டு வளர்கிற பிள்ளை, நாளை பெற்றோரான பிறகு அந்தக் கும்பலில் போய் நிற்பது கடினம்.

மாணவத் தோழர்களே, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில், கடையில், ரேஷனில், வங்கியில் ஒரு வாரம் கணக்கெடுங்கள். யார் யாரை எந்தச் சொல்லால் கூப்பிட்டார், பதிலுக்கு எந்தச் சொல் வந்தது, இரண்டு பேருக்கும் வயசென்ன, தெரு எது. கருத்து எழுத வேண்டாம், கேட்டதை மட்டும் எழுதுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிகளுக்கு மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோரும் இருக்கிறார்கள். அந்த நோட்டை அங்கே கொண்டுபோய் ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசியுங்கள். யாரையும் திட்ட வேண்டியதில்லை. வாசித்து முடித்ததும் தலைமையாசிரியர் உங்களைப் பார்த்து என்ன விகுதியில் பேசுகிறார் என்பதையும் அடுத்த பக்கத்தில் எழுதிவையுங்கள்.