முகம் தெரியும், பேர் தெரியாது

சாயங்காலம் விளக்கேற்றி, மாவை ஆட்டி வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்காரும் சகோதரிகளே! கதாநாயகி கட்டியிருக்கும் சேலையின் கரை வரைக்கும் நமக்கு மனப்பாடம். அவளுக்குப் பாட்டியாக வருகிறவர் பேரைக் கேட்டால், "அட, அந்தப் பாட்டிம்மா!" என்போம், அவ்வளவுதான்.

அப்படி ஒரு பாட்டிதான் எஸ்.என். லட்சுமி. எங்கள் அகரத்திலிருந்து தெற்கே மதுரையைத் தாண்டினால் விருதுநகர். அதன் பக்கத்திலுள்ள சென்னெல்குடி கிராமம்தான் அவர் பிறந்த ஊர். பெண்பிள்ளை மேடை ஏறினால் ஊர் ஒரு மாதிரியாகப் பேசிய காலம் அது. சின்ன வயசிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி நாடகத்துக்கு வந்துவிட்டார். கலைவாணர் என்.எஸ்.கே.யின் குழுவிலும் நடித்தார். அங்கிருந்து சினிமா.

1964-இல் வந்த "சர்வர் சுந்தரம்" படத்தில் நாகேஷுக்கு அம்மா இவர்தான். மகன் பெரிய நடிகனாகிவிடுகிறான். அவன் படப்பிடிப்பில் இருக்கும்போதே அம்மா போய்விடுகிறாள். எத்தனை பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்!

அதே லட்சுமியம்மா "மைக்கேல் மதன காமராஜன்" (1990) படத்தில் கைநீளமுள்ள திருட்டுப் பாட்டி. பார்த்துச் சிரிக்காதவர் உண்டா? "மகாநதி" (1994) படத்தில் மருமகன் ஜெயிலுக்குப் போக, பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் மாமியார். "விருமாண்டி" (2004) படத்தில் கிராமத்து அப்பத்தா. கடைசியில் 2011-இல் தொடங்கிய "சரவணன் மீனாட்சி" தொடரிலும் நடித்தார். 2012 பிப்ரவரி 20-இல் காலமானார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். திரையில் எத்தனையோ பேருக்குத் தாயாகவும் பாட்டியாகவும் இருந்தவர், சொந்த வாழ்க்கையில் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தன் உழைப்பில் தானே நின்றார். கதாநாயகிக்கு முப்பது தாண்டினால் வாய்ப்பு குறையும் உலகத்தில், தலை நரைத்த பிறகும் இவரைத் தேடி வேலை வந்தது. கொடுத்த வேஷம் சின்னதோ பெரிதோ, அந்தப் பாட்டி எந்த ஊர்க்காரி, எப்படிப் பேசுவாள், எப்படி உட்காருவாள் என்று பார்த்துப் பார்த்துச் செய்ததற்குக் கிடைத்த கூலி அது.

நம் வீட்டுக்கே வருவோமே. போஸ்டரில் நம் படம் இல்லை. ஆனால் ஒரு நாள் நாம் படுத்துவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்! பள்ளிக்கூட நாடகத்தில் உங்கள் மகளுக்கு ராணி வேஷம் கிடைக்காமல் கிழவி வேஷம் கிடைத்தால், "போடி, இதுக்குப் போயா சேலை கேட்கிறே?" என்று சொல்லிவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து உங்கள் மாமியாரின் பழைய கண்டாங்கியை எடுத்துக் கொடுங்கள். எப்படிக் கட்டுவது என்று அந்த மாமியாரையே சொல்லித்தரச் சொல்லுங்கள்.

இன்றைக்கு ராத்திரி தொடர் பார்க்கும்போது, பாட்டியாக வருகிறவர் பேர் என்ன என்றும் கொஞ்சம் பாருங்களேன்.