பாதிப் பாலமும் ஒரு பாடமே



எங்கும் போய்ச் சேராத ஒரு பாலத்தால் யாருக்கு என்ன பயன்? இது நான் கேட்ட கேள்வியன்று. என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டது. பழைய கட்டடங்களைப் பேணுவது குறித்து வரலாற்றுப் பாடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ஒரு பாலத்தின் படத்தைக் காட்டினேன். கரையில் தொடங்கி மிசிசிப்பி ஆற்றுக்குள் சிறிது தூரம் சென்று, அங்கேயே முடிந்துவிடும் பாலம் அது. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. விடையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருந்தது.

ராக் ஐலண்ட் சுழல் பாலம் என்பது அதன் பெயர். 1895-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 1,661 அடி, அதாவது ஏறத்தாழ 506 மீட்டர் நீளம். மேல்தளத்தில் இரயிலும் கீழ்த்தளத்தில் வண்டிகளும் சென்ற இரட்டைத் தளப் பாலம். கப்பல் வரும்போது பாம்பன் பழைய பாலத்தைப்போல் மேல்நோக்கித் திறப்பதன்று இது, கிடைமட்டமாகவே திரும்பும். ஓர் அழிப்பானின் மேல் அடிக்கோலை நடுவில் பொருத்தி, விரலால் மெல்லத் திருப்பிக் காட்டினேன். இருபுறமும் எடை சமமாக இருப்பதால் சிறு விசையே போதும். திரும்பிய பாலம் ஆற்றின் போக்கிலேயே நிற்க, அதன் இருபக்கமும் கப்பலுக்கு வழி கிடைத்துவிடும். பிள்ளைகள் ஆளுக்கொரு முறை திருப்பிப் பார்த்த பிறகே அடிக்கோல் என் கைக்குத் திரும்பியது!

1980-இல் அப்பாலத்தில் இரயில் நின்றது. 1999-இல் வண்டிகளும் நின்றன. கவனிப்பாரின்றிக் கிடந்த பாலத்தின் ஒரு பகுதி 2008-இல் சரிந்து விழுந்தது. அடுத்த ஆண்டு இடிக்கும் பணி தொடங்கியது. முழுவதையும் காப்பாற்ற வழியில்லை. ஆயினும், மேற்குக் கரையிலுள்ள இன்வர் குரோவ் ஹைட்ஸ் நகரம் தன் பக்கத்துப் பகுதியையாவது விட்டுவைக்க முனைந்தது. எஞ்சிய பகுதி சீரமைக்கப்பட்டு, ஏறத்தாழ 670 அடி நீளமுள்ள நடைமேடையாக 2011 ஜூன் மாதம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று குடும்பங்கள் அதன்மீது நடந்து சென்று, ஆற்றையும் சரக்குப் படகுகளையும் பார்த்து நிற்கின்றன.

"சுழலும் பகுதியே போய்விட்டதே, பிறகு அது என்ன சுழல் பாலம்?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சுழன்ற பகுதி இன்று அங்கில்லை. எனினும், முழுமையாகக் காக்க இயலாது என்பது முழுமையாக அழிப்பதற்குக் காரணமாகிவிடாது என்பதே என் கருத்து. பாதி எஞ்சியிருப்பதால்தான் மீதிப் பாதியைப் பற்றி ஒரு குழந்தை கேள்வி கேட்கிறது. வெற்றிடத்தைப் பார்த்து எந்தக் குழந்தையும் கேள்வி கேட்பதில்லை.

இன்னொன்றும் இதில் உண்டு. அந்தப் பாலத்தைச் சுற்றி வேலியடித்துப் பெயர்ப்பலகை மட்டும் நட்டிருந்தால், அது மறுபடியும் துருப்பிடித்திருக்கும். மக்கள் நடக்கும் இடமாக மாற்றியதால் அது பிழைத்தது. நம் பேரா மாநிலத்தில், கோலகங்சாருக்கு அருகே கராயிலுள்ள விக்டோரியா பாலமும் அப்படித்தான். 1900-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் 2002-க்குப் பின் இரயில் ஓடவில்லை. ஆனால், அதன் பக்கவாட்டுப் பாதையில் இன்றும் மக்கள் நடந்தும் மோட்டார் சைக்கிளிலும் பேரா ஆற்றைக் கடக்கின்றனர். புழக்கமே பாதுகாப்பு.

இதை ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஏன் இவ்வளவு நீட்டி எழுதவேண்டும் என்று நீங்கள் நினைக்கக்கூடும். காரணம் உண்டு. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர், பள்ளிகள் மூடப்பட்டன அல்லது இடம் மாறின. இடம் மாறியதில் தவறில்லை. புதிய கட்டடத்தில் நம் பிள்ளைகள் வசதியாகப் படிக்கிறார்கள். ஆனால், பழைய பள்ளியிலிருந்து நாம் எதை எடுத்து வந்தோம்?

நான் படித்த தோட்டப் பள்ளி இன்று இல்லை. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நின்ற இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. தண்டவாளத் துண்டொன்றைத் தொங்கவிட்டுத்தான் எங்களுக்கு மணி அடிப்பார்கள். அது பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டதாகப் பின்னர் அறிந்தேன். அதைத் தூக்கி வர ஒரு லாரியும் தேவையில்லை, இலட்சம் வெள்ளியும் தேவையில்லை. கேட்க ஒருவர் இருந்திருந்தால் போதும். அந்த ஒருவராக நானும் இருக்கவில்லை என்பதுதான் இன்றளவும் என்னை உறுத்துகிறது.

ஆகவே, பள்ளி இடம் மாறும் நிலையிலுள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் என் பணிவான வேண்டுகோள்: கட்டடத்தைக் காக்க முடியாவிட்டால் மணியை எடுத்து வாருங்கள், அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் நாள்தோறும் அடியுங்கள். பழைய பெயர்ப்பலகையை நூலகத்தின் வாயிலில் மாட்டுங்கள். பழைய வாங்கு ஒன்றை வாசிப்பு மூலையில் போடுங்கள். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைக் கறையான் தின்னுமுன் படமெடுத்து வையுங்கள். அதில் தம் பாட்டியின் பெயரைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு வரலாறு வேப்பங்காயாகக் கசக்காது.

அந்த மாணவனுக்கு நான் அளித்த விடை இதுதான்: "அந்தப் பாலம் அக்கரைக்குப் போகாது, தம்பி. ஆனால் 1895-க்குப் போகும்."

நம் பிள்ளைகள் நடந்து செல்ல, நாம் எதை விட்டுவைக்கப் போகிறோம்? சிந்திப்போம், காலம் கடக்குமுன் செயல்படுவோம்.